எங்கட ஆக்கள் வராத தியேட்டர்

வேலை போனதை வீட்டில் சொல்லும் துணிவு எனக்கு இல்லை. வேலைக்குப் போவதுபோல் கந்தோர் உடுப்போடு, தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் சுற்றினால், கடைக்குக் கடை தெரிந்த முகம். அதனால் பகலில் ஸ்டாலின்கிராட் மெட்ரோ நிலையத்துப் பக்கமிருந்த தியேட்டருக்குள் ஒளிந்தேன். பழைய கறுப்பு வெள்ளை ஹொலிவூட் படத்துக்கு எங்கட ஆக்கள் ஆர் வரப்போகினம்?

திரையில், உழைத்து முன்னேறிய ஒருத்தி கொலை விசாரணையில் தலை நிமிர்ந்து பொய் சொன்னாள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. என் பொய்க்கு அந்த மிடுக்கு இல்லை.

படம் முடிந்து வெளிச்சம் போட்டபோது, முன்வரிசையில் என் கணவர் நித்திரையாக இருந்தார். உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருக்க வேண்டிய நேரம். எழுப்பாமல் வெளியேறினேன்.

பின்னேரம் வீட்டுக்கு வந்தவர், "என்னப்பா, இண்டைக்கு வேலை கூடவோ?" என்று கேட்டார்.

"ஓமப்பா. உங்களுக்கு?"

"சரியான வேலை. களைச்சுப்போனன்."

தேநீரை நீட்டினேன். சவர்க்காரத் தண்ணீரில் எப்போதும் வெடித்துக் கிடக்கும் அவர் விரல்கள் முழுதாக ஆறியிருந்தன. ஆற எத்தனை கிழமை எடுத்திருக்கும்?