சார்ஜன்ட் மேஜரின் பெரட்டு

தோட்டத்துக் கிளாக்கரான என் மேசை இழுப்பறையில், வேலையாட்களின் பெயர் பதியும் பழைய செக்ரோல் புத்தகம் ஒன்று கிடக்கிறது. மழையில் ஊறிக் காய்ந்து தடித்துப்போன புத்தகம். அதன் கடைசித் தாளில் பென்சிலால் எழுதிய இரண்டு வரிகள் இருக்கின்றன. ஒன்று சிங்களத்தில், எங்கள் தோட்டத்துச் செக்கியூரிட்டி அதிகாரி எழுதியது. மற்றது தமிழில், நான் எழுதியது. அவை எழுதப்பட்ட நாள் காலையில் அந்தத் தாள் வெறுமையாக இருந்தது. எழுத வேண்டியது எதுவும் இல்லை என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த அதிகாரி பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற, கினிகத்தேனை ஊர்ச் சிங்களவர். லிந்துலைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்தபோது, பட்டாளத்துக்காரர் என்றதுமே சனம் ஒதுங்கிப் போனது. யுத்த நாட்களில் பட்டாளத்துக்காரர் முன்னால் அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்ற காலம் எங்களுக்கு அவ்வளவு சீக்கிரம் மறக்குமா? பயத்தை மரியாதையாக்கி "மேஜர் ஐயா" என்று கூப்பிட்டோம். அவருக்கோ அது பொறுக்காது. போய்க்கொண்டிருந்தவர் நின்று திரும்பி, "மேஜர் இல்ல. சார்ஜன்ட் மேஜர்" என்பார். பெரிய பட்டத்தைக் கொடுத்தால் வேண்டாம், சின்னதைக் கொடு என்கிற மனிதரை நான் அதற்குமுன் கண்டதில்லை. எனக்கு எரிச்சல்கூட வந்தது. ஒருநாள் கேட்டே விட்டேன்.

வடக்கில் இருந்த காலத்தில் பழகிய தமிழில் நிதானமாகச் சொன்னார். மேஜர் என்பவர் ஒப்பிசர், அவருக்குப் பட்டம் தோளில். சார்ஜன்ட் மேஜர் வெறும் சிப்பாயாகச் சேர்ந்து படிப்படியாக ஏறி வந்தவர், அவருக்குப் பட்டம் மணிக்கட்டுப் பக்கம். கீழே இருப்பவன் அவரை "சேர்" என்பான். மேலே இருக்கிற ஒப்பிசரும் பட்டத்தை முழுசாகச் சொல்லித்தான் கூப்பிட வேண்டும், பாதியில் வெட்டக் கூடாது. "ஓடர் குடுக்கிறது மேஜர், மிஸ். ஆள் எண்ணுறது நான். கடைசி ஆள் வர்ற வரைக்கும் எனக்குப் பெரட்டு முடியாது." பெரட்டு என்றால் எங்களுக்குக் காலையில் கூடி நின்று வேலைக்குப் பெயர் கொடுப்பது, அவ்வளவுதான். இதுக்குப் போய் இவ்வளவு பெருமையா என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டேன்.

அந்த வருஷம் மூன்று நாள் விடாத மழை. நான்காம் நாள் காலை பத்து மணிக்கு, மேட்டு லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் மலை வெடித்து விரிசல் விட்டிருப்பதைக் கண்டார்கள். சனத்தையெல்லாம் அவசர அவசரமாகக் கீழே தோட்டப் பாடசாலைக்கு இறக்கினோம். தோட்ட மானேஜர் துரை கண்டியில் மாட்டிக்கொண்டார். "எண்ணிப் பார்த்து லொறியில் ஏற்றி டவுனுக்கு அனுப்பு" என்று போனில் கத்தினார். பாதையின் குறுக்கே இருந்த சின்னப் பாலமான போக்குக்கு மேலே ஏற்கனவே தண்ணீர் புரண்டுகொண்டிருந்தது. நான் செக்ரோலை விரித்துப் பெயர் கூப்பிட்டேன். மேட்டு லயத்துப் பெயர்கள் அத்தனைக்கும் பதில் வந்தது. "எல்லாரும் இருக்காங்க" என்றேன். புத்தகம் சரி என்றால் உலகமே சரி என்று நம்பிய கிளாக்கர் நான்.

செக்கியூரிட்டி அதிகாரி லொறிக்கு முன்னால் போய் நின்றார். "ஏறாதீங்க. வீடு வீடா நில்லுங்க."

கங்காணிக்குக் கோபம் வந்துவிட்டது. "மேஜர் ஐயா, போக்கு ஒடஞ்சா எல்லாரும் சாக வேண்டியதுதான்! அதான் மிஸ் சொல்றாங்கல்ல, புத்தகத்துல சரியா இருக்குன்னு!"

"புத்தகத்துல இருக்கிறது வேலைக்காரங்க. லயத்துல இருந்தது யாரு?"

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. திட்டிக்கொண்டே சனம் காம்பரா காம்பராவாக, லயத்து அறை வரிசைப்படி நின்றது. ஐந்தாவது காம்பராவின் இடத்தில், காலையிலேயே பாடசாலைக்கு வந்திருந்த இரண்டு பிள்ளைகள் மட்டும். அவர்களின் தகப்பன் தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து அதே லொறியில் வந்து, நான் பெயர் கூப்பிடும் நேரத்துக்குத்தான் இறங்கியிருந்தார். கூட்டத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "பிள்ளைங்க அம்மா நேத்துத்தான் கொழும்புல இருந்து வந்தா, காய்ச்சலோட. பக்கத்து வீட்டாளுகளோட வந்திருப்பான்னு நெனச்சேனே!" பக்கத்து வீட்டாருக்கு அவள் வந்ததே தெரியாது.

கொழும்பில் வீட்டு வேலைக்குப் போனதால் மூன்று மாதத்துக்கு முன் அவள் பெயரைச் செக்ரோலிலிருந்து சிவப்புப் பேனையால் வெட்டியவள் நான்தான். செக்கியூரிட்டி அதிகாரி என் பென்சிலைப் பிடுங்கிக் கடைசித் தாளில் சிங்களத்தில் அவள் பெயரை எழுதினார். "ஒரு ஆள் குறையுது. லொறி போகக் கூடாது" என்றார். பின்னால் வரப்போன புருஷனைப் பிள்ளைகளின் பக்கம் தள்ளிவிட்டு மேட்டில் ஏறினார்.

டிரைவர் எஞ்சினைக் கிளப்பினான். அவர் நின்ற இடத்தில் நான் போய் நின்றுகொண்டேன். "என் மேல ஏத்திட்டுப் போ!" என்று கத்தினேன். எனக்கு அவ்வளவு சத்தம் வரும் என்று எனக்கே தெரியாது. அப்போதுதான் உறைத்தது, கொந்தராத்தில், அதாவது ஒப்பந்தத்தில் வந்த ஆளான அவர் பெயரும் என் புத்தகத்தில் எங்கேயும் இல்லை. மலையில் இரண்டு பேர், எண்ணிக்கையில் ஒருவர்! அவசரத்தில் அவள் பெயருக்குக் கீழே "மேஜர் – 1" என்று எழுதினேன். எழுதி முடிக்கவும் மேலே மண் இறங்கும் சத்தம் கேட்டது. தகரங்கள் கிழிந்தன. பிள்ளைகள் கதறினார்கள். நான் லொறியை விட்டு நகரவில்லை.

எவ்வளவு நேரம் போனதோ, தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஒரு கம்பளி அசைந்தது. அதில் சுற்றி அவளை முதுகில் சுமந்துகொண்டு, தலை முதல் கால்வரை சேறாக, வழுக்கி வழுக்கி இறங்கி வந்தார். காய்ச்சல் மருந்து குடித்துத் தூங்கிப்போனவளைத் தூக்கி வாசல் தாண்டியதும் பின்சுவர் விழுந்ததாம். புருஷன் அவர் காலைப் பிடித்து அழுதார். அவரோ என்னிடம் புத்தகத்தைக் கேட்டார்.

"ரெண்டாவது வரி என்ன?"

"உங்களையும் எண்ணினேன். மேஜர்னு எழுதியிருக்கேன்."

அவர் சேற்றுக் கையால் பென்சிலை வாங்கி, என் தமிழுக்கு முன்னால் சிங்களத்தில் "சார்ஜன்ட்" என்று சேர்த்தார். "இப்ப பெரட்டு சரி" என்று லொறியைப் போக விட்டார்.

இப்போது அவர் கினிகத்தேனையில் வீட்டோடு இருக்கிறார். மழை பிடித்தால் போன் வரும். "மிஸ், மேட்டு லயத்து ஆளுங்க எத்தனை?" புது இடத்தில் குடியிருக்கிற அவர்களைக் காம்பரா காம்பராவாக எண்ணி வைத்திருப்பேன். அந்தப் பழைய தாளையும் ஒருமுறை எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் எண்ணிக்கையைச் சொல்வேன். அவருக்கும் கணக்கு மனப்பாடம்.

"ஒண்ணு கூடுதே" என்பார்.

"அது நீங்க, சார்ஜன்ட் மேஜர்" என்பேன்.