ரோமில் படித்த சகோதரி

டெக்சாஸின் இர்விங் நகரத் தமிழ்க் கத்தோலிக்கர்கள் இருபத்தொரு பேர் யூபிலி ஆண்டுக்காக ரோமுக்குத் திருப்பயணம் போவதென்று முடிவானதும், ஏற்பாடுகளைக் கவனித்த ராயன் முதலில் தேடி வந்தது வியாகுலமேரியைத்தான். அவள் ஒன்பது வருடம் ரோமில் இருந்தவள். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் டேகேர் வேலை முடிந்து வந்து மூன்று சாயங்காலம் உட்கார்ந்து, ரோமில் உள்ளூர்க்காரர்களைப் போலக் குறைந்த செலவில் சாப்பிடுவது எப்படி என்று நான்கு பக்கம் எழுதிக் கொடுத்தாள்.

தெரிந்ததில் எதையும் அவள் ஒளிக்கவில்லை. காப்பியை மேசையில் உட்கார்ந்து குடித்தால் ஒரு விலை, கவுண்டரில் நின்றபடி குடித்தால் வேறு விலை. படம் போட்ட மெனுவை நீட்டி வாசலில் ஆள் நின்று கூப்பிடும் கடைக்குள் கால் வைக்காதீர்கள். பீட்சாவை இத்தனை துண்டு என்று கேட்காதீர்கள். கடைக்காரி கத்தியை வைத்து இவ்வளவு போதுமா என்று காட்டுவாள், வெட்டி எடை போட்டுத் தருவாள். வெள்ளிக்கிழமை கொண்டைக்கடலை போட்ட பாஸ்தா கிடைக்கும், விடாதீர்கள். தண்ணீர் பாட்டில் வாங்கவே வேண்டாம், தெருக்குழாயில் நாள் முழுக்கக் குளிர்ந்த தண்ணீர் கொட்டுகிறது.

படித்துப் பார்த்த ராயனுக்கு ஒரே சந்தோஷம். "சூப்பர் மேரிம்மா. சண்டே மாஸ் முடிஞ்சதும் ஹால்ல நீங்களே ஒரு அரை மணி நேரம் பேசிடுங்க. இன்ட்ரடியூஸ் பண்ணணுமே, ரோம்ல நீங்க என்ன படிச்சீங்க?"

"படிக்கல. ஒரு வயசான அம்மாவப் பாத்துக்கிட்டேன். குளிப்பாட்டி, டயப்பர் மாத்தி, சமைச்சுப் போட்டு. வீட்டோடயே தங்குற வேலை."

ராயனின் முகம் சற்று மாறியது. "அத எதுக்குச் சொல்லிக்கிட்டு. உங்களுக்குத்தான் ஆக்வர்டா இருக்கும். முதல்ல கான்வென்ட்டுக்குத்தானே போனீங்க, அங்க படிச்சேன்னு சொல்லிடுங்களேன். அது பொய்யும் இல்லையே."

அதில் பாதி உண்மை. பத்தொன்பது வயதில், இடிந்தகரைப் பக்கத்துக் கடற்கரை ஊரிலிருந்து, கன்னியாஸ்திரீ ஆவதற்காகத்தான் அவளை ரோமுக்கு அழைத்துப் போனார்கள். பதினான்கு மாதத்தில் அது தனக்கு ஒத்துவராது என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. மடத்தை விட்டவள் ஊருக்கு வந்து தலைகுனிய வைக்க வேண்டாம் என்று அப்பா போனில் சொல்லிவிட்டார். அப்படித்தான் ரோமின் கிழக்குப் பக்கம், ட்ராம் போகும் ஒரு தெருவில், லெத்தீசியா என்ற விதவையின் வீட்டில் வேலைக்குச் சேர்ந்தாள். வியாழக்கிழமை மதியத்துக்கு மேலும் ஞாயிற்றுக்கிழமையும் லீவு. அந்த வீட்டில் அந்த இரண்டு நாளும் அவளுக்குச் சாப்பாடு கிடையாது. சம்பளத்தில் பெரும்பகுதி ஊருக்குப் போய்விடும். கையில் இருக்கும் சில்லறையோடு தெருத்தெருவாக நடந்துதான், எந்த பேக்கரியில் ஓரத்துண்டுகளைச் சல்லிசாகத் தருவார்கள், எந்தச் சந்தையில் கடை கட்டும் நேரத்தில் காய்கறியைக் குவித்து வைத்து அள்ளிக்கொள்ளச் சொல்வார்கள் என்று கற்றுக்கொண்டாள்.

"டயப்பர் மாத்துனதுல எனக்கு ஒரு ஆக்வர்டும் இல்ல," என்று ராயனிடம் சொன்னாள். "கேட்டா உள்ளதத்தான் சொல்லுவேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை நேரம் போதவில்லை என்று அவள் பேச்சு ரத்தாகிவிட்டது. செவ்வாய்க்கிழமை வாட்ஸ்அப் குழுவில் ஒரு பி.டி.எஃப். வந்தது. அவள் எழுதிய அதே நான்கு பக்கம், மேலே புதிதாக ஒரு தலைப்பு: "ரோமில் இறையியல் பயின்ற நம் சகோதரி ஒருவர் வழங்கும் உணவுக் குறிப்புகள்." பெயர் இல்லை. வியாழக்கிழமை லீவு பற்றி அவள் எழுதியிருந்த இரண்டு வரியும் இல்லை.

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தினமும் டேகேரில் டயப்பர் மாற்றுகிறாள், அங்கே அவள் மிஸ் மேரி, டீச்சர். அதையே எண்பத்து மூன்று வயதுப் பெண்மணிக்குச் செய்தால் மறைக்க வேண்டிய விஷயமா?

"விடு மேரி, நாலு பேருக்கு யூஸ் ஆவுதுல்ல," என்றார் கணவர் மரிய அந்தோணி.

"நான் சாப்பிட்ட சாப்பாடு வேணும், நான் செஞ்ச வேலை மட்டும் வேணாமா?" என்று கேட்டாள்.

அக்டோபரில் குழு கிளம்பிப் போனது. ஒரு வெள்ளிக்கிழமை காலை ஆறரை மணிக்கு, டேகேருக்கு அவள் கிளம்பிக்கொண்டிருக்கும்போது, ஃபெபியிடமிருந்து வீடியோ கால் வந்தது. தன் அம்மாவோடு குழுவில் போயிருந்த பிஸியோதெரபிஸ்ட் பெண், டெக்சாஸிலேயே பிறந்து வளர்ந்தவள். மூன்று நாளாக டிராவல் ஏஜென்ட் காட்டிய கடைகளில், கேட்காமல் வைத்த ரொட்டிக்குக்கூடக் காசு கொடுத்து எல்லோரும் நொந்துபோயிருந்தார்கள். அன்றைக்கு ஃபெபி, ராயன் உட்பட ஏழு பேரைக் கூட்டிக்கொண்டு, குறிப்பில் இருந்த ஒரு கடையைத் தேடிப் போயிருக்கிறாள். ரோமில் அப்போது மதிய நேரக் கூட்டம், கடைக்காரி கத்துகிறாள், ஒன்றும் புரியவில்லை.

"ஆன்ட்டி, ப்ளீஸ், யூ டாக் டு ஹர்," என்று போனைக் கடைக்காரி பக்கம் திருப்பினாள்.

வியாகுலமேரி இத்தாலிய மொழி பேசிப் பல வருடம் ஆகியிருந்தது. ஆனால் வாயைத் திறந்ததும் அந்தத் தெருவின் பேச்சு அப்படியே வந்தது. எட்டுப் பேர், சின்னச் சின்னத் துண்டாக வெட்டு, இறைச்சி இல்லாமல் இரண்டு, கடலை பாஸ்தா இருந்தால் எல்லோருக்கும் ஒவ்வொரு கிண்ணம். கடைக்காரி சத்தம் போடுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். நீ எந்தத் தெருவில் இருந்தாய் என்று கேட்டுக்கொண்டே வெட்ட ஆரம்பித்தாள்.

அதற்குள் ராயனின் தலை திரைக்குள் வந்தது. "மேரிம்மா, கலக்கிட்டீங்க. அப்படியே டின்னருக்கும் ஒரு இடம் சொல்லிடுங்க."

"இறையியல் படிச்ச சகோதரி யாரோ இருக்காங்களாமே, அவங்களக் கேளுங்க," என்றாள். "நான் அங்க வீட்டு வேலை பாத்தவ. லீவு நாள்ல பசியோட அலைஞ்சு கத்துக்கிட்டதுதான் நீங்க கையில வச்சிருக்கிறது. அத மறைக்கச் சொன்னது நீங்க. நான் இல்ல."

ஃபெபி திரும்பி, "அங்கிள், ஒய் வுட் யூ சேஞ்ச் தட்?" என்று கேட்டாள். ராயன் ஏதோ முணுமுணுத்துவிட்டு விலகினார்.

"சாப்பாடு ஆறிடும், போய்ச் சாப்பிடும்மா," என்று சொல்லி வியாகுலமேரி போனை வைத்தாள். கோபம் தணியவில்லை. வேலைக்குப் போகும் வழியெல்லாம் காருக்குள் தனியாகப் பேசிக்கொண்டு போனாள்.

அன்றைக்கே ஃபெபி அவள் பெயரையும் அவள் பார்த்த வேலையையும் சேர்த்து, குறிப்பைக் குழுவில் மறுபடி போட்டாள். ஊர் திரும்பியதும், பயணம் முடிந்துவிட்டது என்று சொல்லி ராயன் வாட்ஸ்அப் குழுவையே கலைத்துவிட்டார். மன்னிப்பு என்று ஒன்று வரவில்லை. மிஸ்அண்டர்ஸ்டாண்டிங் என்று யாரிடமோ சொன்னாராம்.

ஜனவரியில், அடுத்து ரோமுக்குப் போகவிருந்த ஆலயப் பெண்கள் அணியினர் அவளைப் பேசக் கூப்பிட்டார்கள். மாஸ் முடிந்து ஐம்பது நிமிடம் பேசினாள். முதல் பத்து நிமிடம் லெத்தீசியாவைப் பற்றி. அந்த அம்மாவுக்குப் படுக்கைப் புண் வராமல் தான் எப்படிப் புரட்டிப் படுக்க வைத்தாள் என்று கையை அசைத்துக் காட்டினாள். சிலர் நெளிந்தார்கள். டோனட் மேசையருகே நின்றிருந்த ராயன், கையிலிருந்த காப்பியை அப்படியே வைத்துவிட்டு வெளியே போனார். அவர் போவதைப் பார்த்தாள். குரலைக் கொஞ்சமும் தாழ்த்தாமல், சந்தைக்கு எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்பதைச் சொல்ல ஆரம்பித்தாள்.