செயற்கைக்கோளுக்கு நான் வரைந்த கண்

செயற்கைக்கோள்களை வைத்து இடம் காட்டும் நாவிக் எப்படி வேலை செய்கிறது என்று பிள்ளைகளுக்கு விளக்கும் அட்டையைப் பள்ளிக் கண்காட்சிக்காக எழுதியவன் நான்தான். அறிவியல் வாத்தியாருக்கு ஓவியமும் வரும் என்ற கர்வம் வேறு. செயற்கைக்கோள் ஒவ்வொன்றுக்கும் இமைமுடியோடு இரண்டு கண் வரைந்து, ‘நீ எங்கே இருந்தாலும் இவை உன்னைப் பார்த்துக்கொண்டே இருக்கின்றன’ என்று எழுதினேன். தப்பு என்று தெரியும். பிள்ளைகளுக்கு இது போதும் என்று நினைத்தேன். மெயின்லேண்டிலிருந்து வந்த மாதிரி அட்டையின் வரைபடத்தில் நம் தீவுகள் இருக்கவேண்டிய இடத்தில் குறிப்புப் பெட்டியை அச்சடித்திருந்தார்கள். அந்த மேதைகளுக்கு நான் எவ்வளவோ மேல்.

ஷாதிபூரில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் மீன்பிடிக்கிறவர். என் வகுப்பில் படிக்கும் அவர் மகள் கண்காட்சி முடிந்ததும் அட்டையைக் கொண்டுபோய் வீட்டில் மாதா படத்துக்குக் கீழே ஒட்டிவிட்டாள். தன் டிங்கிப் படகில் நாவிக் கருவி வைத்திருந்த மனுஷனுக்கு அது வசதியாகப் போயிற்று. எந்தப் பக்கம் போகிறேன் என்று மனைவியிடம் சொல்வதையே நிறுத்திவிட்டார். கேட்டால் சுவரைக் காட்டுவாராம்.

ஒருநாள் மாலை திரும்பவேண்டியவர் மறுநாள் காலையிலும் வரவில்லை. அவர் மனைவி அட்டையைப் பிய்த்து எடுத்துக்கொண்டு என் வாசலுக்கு வந்துவிட்டார்.

“நீங்கதான சார் எழுதுனீங்க, பாத்துக்கிட்டே இருக்குன்னு? அப்ப கேட்டுச் சொல்லுங்க, அவரு எங்க இருக்காரு?”

என் வாழ்க்கையில் அவ்வளவு கேவலமாக நான் நின்றதில்லை. உண்மையைச் சொன்னேன். அதற்குக் கண் கிடையாது. ஒவ்வொரு செயற்கைக்கோளும் தான் இருக்கும் இடத்தையும் நேரத்தையும் மட்டும் விடாமல் சொல்லிக்கொண்டிருக்கும். அந்தச் சேதி வந்துசேர ஆன நேரத்தை வைத்து, எவ்வளவு தூரம் என்று கீழே உள்ள கருவி கணக்குப் போடும். நாலு செயற்கைக்கோளின் சேதி கிடைத்தால் தன் இடத்தைக் கண்டுபிடித்துவிடும். ரேடியோ கேட்கிறவன் எங்கே உட்கார்ந்திருக்கிறான் என்று ரேடியோ நிலையத்துக்குத் தெரியாது. அதே கதைதான்.

“அப்ப மேல இருக்கறதுக்கு ஒண்ணுமே மாலூம் இல்ல?”

“இல்லம்மா.”

“இத மொதல்லயே எழுதியிருந்தா என்ன சார்?”

படகு கட்டும் ஜெட்டிக்கு ஓடினோம். தேடக் கிளம்பிய படகுக்காரர்கள் கேட்ட முதல் கேள்வியே எந்தப் பக்கம் போனார் என்பதுதான். அந்த அம்மா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

நாலு திசையிலும் தேடி, அதற்கடுத்த நாள் மத்தியானம் அவரோடு டிங்கியைக் கட்டி இழுத்து வந்தார்கள். இன்ஜின் நின்றுபோயிருந்தது, போனுக்கு ரேஞ்ச் இல்லை. உதடெல்லாம் வெடித்துக் கிடந்தும் மனுஷன் கருவியைத் தட்டிக்கொடுத்தார்.

“பொசிஷன் ஏக்தம் கரெக்ட் சார். எங்க இருக்கேன்னு எனக்கு அத்தன நேரமும் பக்காவா மாலூம்.”

“உமக்குத் தெரிஞ்சு என்ன? எனக்குல்ல தெரியணும்!” என்று அவர் மனைவி கத்திக்கொண்டே அழுதார்.

அடுத்த கண்காட்சிக்குக் கண்ணை அழித்துவிட்டு, ‘போகும் இடத்தை வீட்டில் சொல்லிவிட்டுப் போ’ என்று கடைசி வரி சேர்த்தேன். பொறுப்பாளர் அதைப் பாடத்திட்டத்தில் இல்லை என்று அடித்துவிட்டார். கண் இருந்தபோது படம் அழகாக இருந்தது என்றும் வருத்தப்பட்டார்.

மாதா படத்துக்குக் கீழே இப்போது ஒரு சிலேட்டு தொங்குகிறது. எந்தப் பக்கம் போகிறேன் என்று அதில் எழுதிய பிறகுதான் அந்த வீட்டில் அவருக்குச் சோற்றுத்தூக்கு கைக்கு வருகிறது.