மிஞ்சியது ஒரு செவலைக் கோழி

நான்கு வருடங்களுக்கு முன்பு, ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு வாரத்தில், திருப்பூர் வேலம்பாளையத்தில் ஒரே காம்பவுண்டுக்குள் வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் நாங்கள் குடியிருந்தபோது நடந்தது இது.

எங்களுக்குச் சொந்த ஊர் தேனிப் பக்கம். நான் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். கணவர் கடைகளுக்குச் சரக்கு ஏற்றும் ஆட்டோ ஓட்டுகிறார். பிள்ளைகள் ஊரில் என் தங்கை வீட்டில் தங்கிப் படித்தார்கள். வீட்டில் பேச்சுத்துணைக்கு ஆள் இல்லாமல்தான் கோழி வளர்க்க ஆரம்பித்தேன். ஒரு சேவல், ஆறு பெட்டை. வீட்டுக்காரம்மாவிடம் கெஞ்சிக் கூத்தாடி, காம்பவுண்டின் பின்பக்கம் ஒரு பழைய மரப்பெட்டியைச் செங்கல் மேல் தூக்கி வைத்துக் கூடாக்கியிருந்தேன். சாயங்காலம் நான் கம்பெனியிலிருந்து கேட்டைத் திறந்தால் ஏழும் ஓடி வரும். நாள் முழுக்க நின்ற கால்வலி அதைப் பார்த்ததும் கொஞ்சம் குறைந்த மாதிரி இருக்கும்.

அந்த ஏழில் ஒரு செவலைக் கோழியை மட்டும் மற்றவற்றுக்கு ஆகாது. தீனி போட்டால் கொத்தி விரட்டும். கூட்டிலும் உள்ளே விடாது. கதவு இடுக்கில் ஒண்டிக்கொண்டுதான் அது தூங்கும்.

அந்தச் சனிக்கிழமை சாரல் கூட்டுக்குள் அடித்தது. பலகை ஈரமாகிக் கோழிகள் நடுங்கின. கம்பெனியில் வெட்டி மிஞ்சிய துணியெல்லாம் எடைக்கு விற்றுப் போய்விட்டிருந்ததால், எங்கள் செக்கிங் டேபிளுக்கு அடியில் கிடந்த வேஸ்ட் துணிகளை ஒரு பாலிதீன் பையில் திணித்து, இறுக்கிக் கட்டிக் கொண்டு வந்திருந்தேன். பாதியை எடுத்துக் கூட்டுக்குள் மெத்தை மாதிரி பரப்பினேன். பலகை இடுக்குகளிலும் அடைத்தேன். மேலே ஒரு பிளாஸ்டிக் தாளைப் போர்த்திக் கட்டினேன். இனி ஒரு சொட்டு உள்ளே போகாது என்று எனக்கு அப்படி ஒரு திருப்தி.

ஞாயிறு காலையில் கூட்டைத் திறந்தபோது ஆறு கோழிகள் செத்துக் கிடந்தன. கதவோரம் கிடந்த செவலைக்கு மட்டும் உயிர் இருந்தது. தலை தொங்கியது, கண் செருகியிருந்தது. அதை மடியில் போட்டுக்கொண்டு மழையிலேயே உட்கார்ந்து அழுதேன்.

கணவர் ஓடி வந்து பார்த்தார். "வெள்ளைக்கழிச்சலா இருக்கும். சீக்கு வந்தா இப்படித்தான் கூண்டோட போகும்" என்றார்.

என் மனம் அதை ஏற்கவில்லை. முந்தின நாள் சாயங்காலம் தீனிக்கு ஓடி வந்தவை ஒரே ராத்திரியில் சீக்கில் சாகுமா? யாரோ எதையோ வைத்துவிட்டார்கள் என்றுதான் தோன்றியது. யார் என்பதற்கும் பதில் கையிலேயே இருந்தது.

பக்கத்து வீட்டில் பீகார்க்காரக் குடும்பம். கணவன் நிட்டிங் கம்பெனியில் வேலை பார்த்தான். அந்தப் பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருந்தால் அதிகம். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு வீட்டிலேயே இருப்பாள். பெயின்ட் டப்பாவில் அவள் வளர்த்த கொத்தமல்லியைப் போன வாரம்தான் என் கோழிகள் கிளறி நாசம் செய்திருந்தன. அவள் விளக்குமாற்றைத் தூக்கிக்கொண்டு விரட்டியதை நான் பார்த்தேன். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். எனக்கு அன்று அந்த மட்டான புத்தியும் இல்லை. தண்ணீர்க் குழாயடியில் லைன் வீட்டுப் பெண்கள் அத்தனை பேரும் நிற்க, அவளைப் பார்த்துக் கத்தினேன். விஷம் வைத்தவள் என்றேன். பிழைக்க வந்த இடத்தில் புத்தியைக் காட்டுகிறாயா என்றேன். நானும் பிழைக்க வந்தவள்தான் என்பது அப்போது என் நினைவில் இல்லை. அவளுக்குத் தமிழ் பாதிதான் புரியும். ஆனால் நீட்டிய விரல் புரியாமல் இருக்குமா? குழந்தையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு நின்றாள். ஒரு வார்த்தை பேசாமல் பாதிக் குடத்தோடு உள்ளே போய்விட்டாள். பதில் சொல்லவில்லை, அப்படியென்றால் குற்றம் அவளுடையதுதான் என்று நான் அதையும் எனக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டேன்.

ஆறையும் பின்பக்கம் குழி தோண்டிப் புதைத்தோம். திறந்து போட்ட கூட்டில் மழையில் ஊறிக் கிடந்த துணியையும் கணவர் அள்ளி அந்தக் குழியிலேயே போட்டு மூடினார்.

நாள் முழுக்க வாசலில் கிடந்ததில் செவலைக்குக் கொஞ்சம் தெளிவு வந்தது. எழுந்து நின்றது. ஆனால் தீனியைத் தொடவில்லை. காலிக் கூட்டைச் சுற்றிச் சுற்றி வந்து ஒரு மாதிரி மெல்லக் கேவியது. எந்த நாளும் அதைக் கொத்தி விரட்டிய கூட்டத்தைத்தான் தேடியது.

வீட்டுக்காரம்மா வந்து பார்த்துவிட்டு, "ஒத்தக் கோழி நிக்காது கண்ணு. ஏங்கியே செத்துப் போயிருமுங்க. இன்னைக்கே அறுத்துப்போடுங்க" என்றார். ஊர் வழக்கத்தைத்தான் சொன்னார். இதையாவது காப்பாற்றிவிட வேண்டும் என்று ஒரு வெறியே வந்துவிட்டது.

சாயங்காலம் மறுபடி மழை. ஒரு அட்டைப்பெட்டியைச் சமையல்கட்டு மூலையில் வைத்தேன். பையில் மீதியிருந்த வேஸ்ட் துணியை எடுத்துப் பதமாக மெத்தை போட்டு, செவலையை உள்ளே விட்டு, மேலே லேசாக மூடினேன்.

திங்கள் காலையில் பார்த்தால் மறுபடியும் தலை தொங்கிக் கிடந்தது. அது ஷிப்மென்ட் வாரம், லீவு கிடையாது. என்ன செய்வது என்று நின்றபோது, திறந்திருந்த கதவருகே அந்தப் பக்கத்து வீட்டுப் பெண் நின்றுகொண்டிருந்தாள். உள்ளங்கையில் ஊறவைத்த அரிசி. கோழி கேவியது அவள் வீடு வரைக்கும் கேட்டிருக்கிறது. முந்தின நாள் அவ்வளவு பேச்சு வாங்கியவள், அதைக் கேட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

அவளே வந்து பெட்டிக்கு மேலே குனிந்தாள். சட்டென்று முகத்தைத் திருப்பி இருமினாள்.

"அக்கா, இது துணி... நாத்தம். தலை சுத்துது" என்று அரைகுறைத் தமிழில் சொல்லிவிட்டு, கோழியை வாரி எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.

நான் ஒரு துணியை எடுத்து முகர்ந்து பார்த்தேன். எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. ராத்திரி லோடுக்குப் போய்விட்டு அப்போதுதான் வந்து குளித்திருந்த கணவரிடம் நீட்டினேன். அவர் துணியைத் தட்டிவிட்டார். "பெட்ரோல் கணக்கா அடிக்குது! இதையா கூட்டுக்குள்ள வச்சே?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பனியனில் எண்ணெய்க் கறை இருந்தால், செக்கிங்கில் ஒரு மருந்தை ஸ்ப்ரே கன்னால் அடித்து எடுப்போம். வழிகிற மருந்தைத் துடைத்துப் போடும் துணிகள்தான் டேபிளுக்கு அடியில் கிடக்கும். கம்பெனியில் பெரிய ஃபேன்கள் ஓடும், ஜன்னல்கள் திறந்திருக்கும். பதினோரு வருடமாக அதிலேயே நிற்கிற என் மூக்குக்கு அது ஒரு வாடையாகவே படுவதில்லை. காற்றுப் போகாமல் அடைத்த பெட்டிக்குள் அந்தத் துணியை மெத்தையாகப் போட்டு, என் கோழிகளை நானே கொன்றிருக்கிறேன். கதவு இடுக்கில் வந்த காற்றால் தப்பிய ஒன்றையும் கொல்லப் பார்த்திருக்கிறேன்.

கம்பெனி வேன் ஹாரன் அடித்தது. அவள் கோழியைக் காட்டி, பிறகு தன்னைக் காட்டி, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சைகை செய்தாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தலையை மட்டும் ஆட்டிவிட்டு வேனில் ஏறினேன்.

சாயங்காலம் கேட்டைத் திறந்தபோது, அவள் வாசலில் குழந்தையோடு தரையில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் கொஞ்சம் அரிசி. பக்கத்தில் இன்னொரு கோழி கொத்துகிற மாதிரி, ஒரு விரல் நகத்தால் தரையை டொக் டொக்கென்று தட்டிக்கொண்டிருந்தாள். அவள் தட்டத் தட்ட, செவலை ஒவ்வொரு அரிசியாகக் கொத்தித் தின்றது. விரல் நின்றால் அதுவும் நிற்கும். அன்று பகல் முழுவதும் அவள் அப்படியேதான் உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த விரல் நுனி சிவந்து கிடந்தது.

மறுநாள் காலை குழாயடியில் எல்லோரும் கூடும் நேரம் பார்த்துப் போனேன். ஊரைக் கூட்டித் திட்டிவிட்டு மன்னிப்பை மட்டும் அவள் காதில் சொன்னால் அது என்ன நியாயம்? என் கோழிகள் செத்தது என் தவறால்தான், இந்தப் பெண் மேல் அநியாயமாகப் பழி போட்டேன் என்று சத்தமாகச் சொன்னேன். யாரோ சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று நின்றேன். அவள் பதறிப் போய் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கோழி சாப்ட்டாச்சா அக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

செவலை பிழைத்தது. அதற்கப்புறம் இரண்டு வருடம் இருந்தது. நான் வேலைக்குப் போனால் அவள் வாசலிலும், வந்தால் என் காலடியிலுமாக வளர்ந்தது. பிழைத்த பிறகு அது இட்ட முதல் முட்டையை அவள் குழந்தைக்குத்தான் அவித்துக் கொடுத்தேன். பிறகு அவர்கள் ஊருக்கே போய்விட்டார்கள். எங்களுக்குள் கடைசி வரை பத்து வார்த்தைக்கு மேல் பேச மொழி இருக்கவில்லை.

கோழிகளைத் தெரியாமல் கொன்றேன் என்று எப்படியோ என்னைத் தேற்றிக்கொண்டுவிட்டேன்; அந்தப் பெண்ணை ஒவ்வொரு வார்த்தையாகத் தெரிந்தேதான் திட்டினேன் என்பதற்கு மட்டும் இன்றுவரை என்னிடம் ஒரு சமாதானமும் இல்லை.