எடுத்து வைங்க

இண்டூரில் ஒரு வீட்டைச் சுத்தம் பண்ண அந்தம்மா போனாராம். மூன்று நாளில் வீடு காலியாம். நான்காம் நாள் வீட்டுக்காரரையே காணோமாம். நாத்தனார் சொன்னதாகச் சொல்லிவிட்டு, மதில் மேல் கை ஊன்றி நின்றாள் பக்கத்து வீட்டுக் கலைமணி.

"அப்புறம் ஆளு கெடச்சாரா?" என்றாள் வேளாங்கண்ணி.

"பழனிக்குப் போயிருந்தாராம்க்கா. அந்தம்மா நம்பர் இருக்குது, ரோஷன் பீன்னு பேரு, வேணுங்களா?"

வேண்டும்தான். அடுத்த வாரம் மகன் அந்தோணி பிரகாஷ் மஸ்கட்டிலிருந்து மனைவியோடும் கைக்குழந்தையோடும் பொம்மிடிக்கு வருகிறான். போன தடவை, "காலை நீட்ட எடமில்லம்மா" என்று தர்மபுரி லாட்ஜில் போய்ப் படுத்துக்கொண்டான். அது தெரியாத ஆள் பொம்மிடியில் பாக்கியில்லை. இந்தத் தடவையும், "புதன்கெழம சாயங்காலம் அஞ்சுக்குள்ள சொல்லும்மா, ரூம் போடணும்" என்றிருந்தான்.

வேளாங்கண்ணி இருபத்தாறு வருடம் சத்துணவு மையத்தில் அமைப்பாளர். அரிசி தீர்ந்தாலும் சாக்கைப் பத்திரப்படுத்த வேண்டும். ஒன்று குறைந்தாலும் ஆபீசில் கேள்வி வரும். ஓய்வுபெற்ற பிறகு கேட்க ஆளில்லை, பயம் மட்டும் கூடவே வந்துவிட்டது. மிக்சி வந்த பெட்டி, மிக்சி போன பிறகும் இருந்தது. எல்லாம் மகனுடைய கட்டில் மேல், கூரையைத் தொடும் உயரத்துக்கு.

புதன்கிழமை காலை, முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார் ரோஷன் பீ. கையில் ஒரு விளக்குமாறு, ஒரு சாக்பீஸ்.

"மொதல்ல டீ குடுங்கக்கா. அப்புறமா சண்ட போட்டுக்கலாம்."

வாசலில் மூன்று வட்டம் போட்டார்: வேணும், வேணாம், பாக்கலாம். பதினோரு மணிக்கெல்லாம் 'பாக்கலாம்' வழிந்து தெருவுக்குப் போய்விட்டது.

"இந்தக் குக்கருக்கு மூடியக் காணமுங்களே?"

"எங்கியாச்சும் இருக்கும்."

"எப்பத் தொலஞ்சுது?"

"பிரகாசு ஆறாவது படிக்கறப்போ."

"அந்த மூடிக்கு இந்நேரம் கல்யாணமாகி ரெண்டு புள்ளைங்க இருக்கும்க்கா."

வேளாங்கண்ணிக்கே சிரிப்பு வந்துவிட்டது. குக்கர் 'வேணாம்' வட்டத்துக்குப் போனது. அந்த வேகத்தில் நீலக் கயிறு கட்டிய பெட்டியைக் காட்டி, "அத எடுத்து வைங்க" என்று சொல்லிவிட்டுக் குழம்பைப் பார்க்க உள்ளே போனாள்.

எடுத்து வை என்றால் வேளாங்கண்ணிக்குப் பீரோவுக்குள் பத்திரமாக வைப்பது. ரோஷன் பீ பார்க்கிற வேலையில், எடுத்து வெளியே வைப்பது. அவள் திரும்பி வந்தபோது பழைய சாமான் எடுக்கும் மதியழகனின் வண்டி தெருமுனையைத் தாண்டியிருந்தது.

"நீலக் கயிறு பொட்டி எங்கம்மா?"

"நீங்கதான எடுத்து வைக்கச் சொன்னீங்க? வண்டியில வெச்சுட்டேன்."

"அய்யோ மாதாவே! பிரகாசுக்குன்னு வாங்குன பெட்ஷீட்டு, தலவாணி உறை எல்லாம் அதுலதான்! மூணு வருசமாப் பிரிக்காம வெச்சிருந்தேன்!"

இரண்டு பேரும் ஓடினார்கள். நல்லவேளை, ரயில்வே கேட் சாத்தியிருந்தது. முடிவே இல்லாமல் ஒரு கூட்ஸ் போய்க்கொண்டிருந்தது. மதியழகன் வண்டி மேல் உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்தான்.

"கூட்ஸுக்கு ஒரு கும்புடு போடுங்க" என்று பெட்டியை இறக்கிக் கொடுத்தான். "இந்த மிக்சி பொட்டியும் வேணுங்களா?"

வேளாங்கண்ணி அதைப் பார்த்தாள். நல்ல பெட்டி. ஒரு மூலை கூட நசுங்கவில்லை. கை தானாக நீண்டது. கூட்ஸின் கடைசிப் பெட்டி கடந்ததும் கேட் மேலே ஏறியது.

"போப்பா, போ. கேட்டு தொறந்துட்டான், பாரு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நாலரைக்குக் கட்டில் வெளியே தெரிந்தது. மூன்று வருட மடிப்பு மடிப்பாகவே நிற்க, பெட்ஷீட்டை விரித்தார்கள். ரோஷன் பீ காலை நீட்டிப் படுத்தே காட்டினார்.

"பாருங்க, இன்னும் ஒரு மொழம் மிச்சம். மகனுக்குச் சொல்லுங்கக்கா."

வேளாங்கண்ணி போன் போட்டாள். மணி போய்க்கொண்டே இருந்து, நின்றது.

"ரூம் போட்டுட்டானோ?"

"ட்யூட்டியில இருப்பாங்க. மறுபடி போடுங்க."

சுவர்க் கடிகாரத்தில் ஐந்தாக நாலு நிமிஷம். கட்டில் ஓரத்தில் மடிப்புக் கலையாமல் உட்கார்ந்து, மறுபடி போட்டாள். மணி போய்க்கொண்டிருந்தது.