சோப்புப் போட்டுத் துவைத்த கூடாரங்கள்

தன்னைக் கேட்காமல் மகனை பஸ் ஏற்றிவிட்ட அக்காவைத் தார்ப்பாய்க்காரர் நாலு வருசமாக மன்னிக்கவில்லை. லாரிகளுக்குத் தார்ப்பாய் தைத்துப் பிழைக்கிற மனுசன். இருப்பது ஒரே மகன். அவனைத் தையல் மெஷினில் உட்காரவைத்துவிட்டால் நிம்மதியாகக் கண்ணை மூடலாம் என்றிருந்தார். அவனோ வெளிநாட்டில் தரைக்கு ஓடு பதிக்கிற வேலை கிடைத்திருக்கிறது என்று ஒற்றைக்காலில் நின்றான். முடியாது என்றார் இவர். ஒருநாள் மத்தியானம், இவர் லாரி செட்டுக்குப் போன நேரம் பார்த்து அக்கா வந்தாள். அவன் சட்டைகளை இஸ்திரி போட்டுப் பெட்டியில் அடுக்கினாள், அனுப்பிவிட்டாள்.

“ஏன் இப்படிச் செஞ்சே?” என்று கேட்டதற்கு, “கேட்டா நீ விட்டிருப்பியாக்கும்!” என்றாள்.

அதோடு பேச்சு நின்றது. மகன் வாராவாரம் அத்தையின் போனுக்குக் கூப்பிட்டான். முதல் வருசம் அப்பாவுக்கும் கூப்பிட்டுப் பார்த்தான். இவர் எடுக்கவில்லை. அப்புறம் அவனும் விட்டுவிட்டான்.

அக்காவுக்குப் பிள்ளை இல்லை. கல்யாணமான மூணாம் வருசமே புருசன் போய்விட்டார். இருபத்தாறு வருசமாகக் கோயிலில் துணி வெளுக்கிற வேலை. பீடத்து விரிப்பு, ஃபாதரின் அங்கி, பாட்டுக்குழுவின் உடுப்பு எல்லாம் அவள் கைபட்டுத்தான் வெளியே போகும். துவைக்காத துணி கண்ணில் பட்டால் கை சும்மா இருக்காது. புதிதாக வந்த ஃபாதர் கழற்றி வைத்த கம்பளித் தொப்பியைத் துவைத்து, பொம்மைக்குப் போடுகிற அளவுக்குச் சுருக்கிக் கொடுத்தவள் அவள். நெஞ்சில் இழுப்பு உண்டு. புகை ஆகாது, கரிப்பெட்டி இஸ்திரியைத் தூர வை என்றார் டாக்டர். “அப்ப என்னையும் சேர்த்துத் தூர வெச்சிடுங்க” என்று சொல்லிவிட்டு வந்தாள்.

அந்த நாட்டில் பூமி ஆடியது ஒரு திங்கட்கிழமை விடியற்காலம். மகன் இருந்த ஊர் தரைமட்டம். அவன் போனில் இரண்டு நாள் மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. மூன்றாம் நாள் மணியும் அடிக்கவில்லை. கூப்பிட்டுக்கொண்டே இருந்தது அக்காதான். இவர் தன் போனில் மகன் பேரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். என்ன முகத்தை வைத்துக்கொண்டு கூப்பிடுவது?

ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஃபாதர் அறிவித்தார். காணிக்கைப் பை இரண்டாம் தரமும் சுற்றி வந்தது. பாட்டுக்குழு சந்தை வாசலில் தகர டப்பாவோடு நின்று தொண்டை கட்டப் பாடியது. துணிகள் வந்து குவிந்தன. நகைக்கடைக்கார அம்மா அனுப்பிய பையில் நீச்சல் உடுப்பு இருந்தது.

“அங்க கொட்டுற மழைல ஜனம் ரோட்டுல கிடக்குது. நீந்தியே வந்துருங்கன்னு சொல்லுது போல இந்தம்மா” என்றாள் அக்கா. சிரிக்க ஆரம்பித்தவள் அழுதுதான் முடித்தாள்.

ஃபாதர் தார்ப்பாய்க்காரரின் பட்டறைக்கே வந்தார். “துணியவிட முதல்ல கூடாரம்தான் வேணுமாம். சேர்ந்த காசுக்குக் கித்தான் துணி வாங்கித் தரேன். தைக்க முடியுமா?”

கூலி வேண்டாம் என்றார் இவர். மெழுகு ஏற்றிய கெட்டிக் கித்தான். ஒன்பது நாளில் பன்னிரண்டு கூடாரம். எதற்குள் யார் படுப்பார்களோ என்று ஒவ்வொரு தையலையும் இரண்டு தரம் ஓட்டினார். செவ்வாய் சாயங்காலம் கொண்டுபோய்க் கோயில் பின்கட்டில் இறக்கினார். அக்கா குழாயடியில் நின்றிருந்தாள்.

“இதெல்லாம் அப்படியேதான் போகுதா தம்பி?”

காதில் விழுந்தது. பதில் சொல்லாமல் திரும்பி நடந்தார்.

வியாழக்கிழமை நாலு மணிக்கு லாரி. அதை விட்டால் கப்பலைப் பிடிக்க முடியாது. கூடாரங்களை மடித்துக் கட்டலாம் என்று காலையில் போனவர் வாசலிலேயே நின்றுவிட்டார். பன்னிரண்டும் கொடியில் தொங்கின. வெள்ளை வெளேரென்று, சோப்பு வாசனையோடு. தொட்டால் பழைய போர்வை மாதிரி தொளதொளவென்றிருந்தது. ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றினார். அது துணிக்குள் இறங்கி அவர் காலில் சொட்டியது.

“யார் செஞ்ச வேலை இது?”

அக்கா பெருமையாக வந்தாள். “நாந்தான். நேத்து பூரா சுடுதண்ணில சோப்பும் சலவை சோடாவும் போட்டு ஊற வெச்சுத் தேய்ச்சேன். ஒரே பிசுபிசுப்பு. வீடிழந்து நிக்கிற ஜனம், அழுக்குத் துணிலயா படுக்கும்?”

“அது அழுக்கு இல்லக்கா. மழை உள்ள இறங்காம இருக்க ஏத்தின மெழுகு.”

நாலு வருசம் கழித்து அக்கா என்று வாயில் வந்தது அப்போதுதான். அவள் அப்படியே துவைகல்லில் உட்கார்ந்தாள்.

“கேட்டேனேடா. ஏன் சொல்லல?”



அவளேதான் எழுந்தாள். கோயில் சாமான் அறையிலிருந்து தகர டின்களை இழுத்து வந்தாள். எரிந்து மிஞ்சிய மெழுகுவத்தித் துண்டுகள், விரிப்புகளில் இருந்து சுரண்டிய மெழுகு, எத்தனையோ வருசத்துச் சேர்மானம்.

“இஸ்திரிப் பெட்டிய வெச்சு மெழுகை எடுக்கத் தெரிஞ்சவளுக்கு ஏத்தத் தெரியாதா? அடுப்ப மூட்டு.”

இவர் மெழுகை உருக்கித் தூரிகையால் பூசினார். பின்னாலேயே அக்கா சுட்ட இஸ்திரியால் அழுத்தித் துணிக்குள் இறக்கினாள். ஃபாதரும் பாட்டுக்காரர்களும் ஆளுக்கொரு முனை பிடித்தார்கள். கரிப்புகையும் மெழுகுப்புகையும் கண்ணைக் கரித்தன. மத்தியானத்துக்குள் மூன்று கூடாரம் முடிந்தது. அக்காவின் மூச்சு பழைய துருத்தி போலச் சத்தம் போட்டது.

“போதும்க்கா, நகரு. நான் பாத்துக்கறேன்.”

“நீ பூசினா நான் தேய்க்கணும், நான் தேய்ச்சா நீ பூசணும். ரெண்டையும் நீயே செஞ்சா எப்ப முடியும்?” இழுத்து இழுத்துப் பேசினாள். “ஒழுகுற கூடாரம் ஒண்ணு போய், அதுல நம்ம புள்ள படுத்துக் கிடந்தான்னா?”

லாரி நாலு மணிக்கு வந்தது. டிரைவர் அரை மணி நேரம் பொறுத்தார். “அண்ணே, துறைமுகத்துல கேட்டை மூடிட்டா நான் என்ன பண்ணட்டும்?” என்றார். ஏழு கூடாரம் ஏறியது. ஐந்து கொடியிலேயே கிடந்தது. லாரி திரும்பி மறைகிற வரை பார்த்துக்கொண்டு நின்ற அக்கா, அந்த ஐந்தின் கீழேதான் விழுந்தாள்.

சனிக்கிழமை மத்தியானம் ஆஸ்பத்திரியில் அவள் உயிர் போனது. மகனைப் பற்றி அதுவரை ஒரு தகவலும் இல்லை. அதற்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை முழுக்க இவர் கட்டிலோரத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் அவள் ஆக்ஸிஜன் முகமூடியைத் தானே விலக்கினாள்.

“நான் நூறு தடவை கூப்பிட்டுட்டேன். நீ ஒரு தடவை கூப்பிட்டியாடா?”

“அணைஞ்சு கிடக்கேக்கா அவன் போனு.”

“கிடக்கட்டும். என்னிக்காவது உசுர் வந்தா, யார் யார் கூப்பிட்டாங்கன்னு காட்டும்ல? பூரா என் பேராத்தான் நிக்கும். நடுவுல அப்பான்னு ஒண்ணு இருக்கட்டும். உன் போன்ல இருந்து கூப்பிடு. இப்ப கூப்பிடு, நான் பாக்கணும்.”