இருபது நிமிடம் உள்ளே, பத்து நிமிடம் வெளியே

உறைபனி அறையை விட்டு வெளியே வந்ததும் அவர் முதலில் வலது கையுறையைப் பல்லால் கவ்வி இழுப்பார். கையுறை வாயில் தொங்கிக்கொண்டிருக்க, சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து மீன் பெட்டியின் மேல் வைப்பார். விறைத்த விரலை அந்த போன் விரலாகவே மதிக்காது. அதனால் குனிந்து மூக்கு நுனியால் திரையைத் தொடுவார். ஒரு தொடலில் வானிலை திறக்கும். இன்னொரு தொடலில், அவர் போக ஏங்கும் மலையூர் வரும். குளிர் எத்தனை டிகிரி, மேகம் எவ்வளவு, பனி விழ வாய்ப்பு எத்தனை சதவீதம். பார்த்துவிட்டு நிமிர்வார்.

"போனுக்கு முத்தம் குடுத்தாச்சா அண்ணே?" என்பான் கொக்கு. கழுத்து நீண்டவன், கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். "நாள் பூரா மைனஸ் பதினெட்டுல நிக்கிறீங்க. காசு குடுத்து வேற குளிரப் போறீங்களா?"

"இங்க இருக்கிறது சும்மா கிடக்குற ஐஸ்டா. விழறதப் பாக்கணும். வானத்துல இருந்து."

கிடங்கில் ஒரு விதி உண்டு. அறைக்குள் இருபது நிமிடம். பிறகு வெளியே, வெதுவெதுப்பான இடத்தில் பத்து நிமிடம். அந்தப் பத்தில் ஒன்றுகூடக் குறையக் கூடாது. அவர் வேலைக்குச் சேர்ந்த வருடம், விதியை விளையாட்டாக எடுத்துக்கொண்ட ஒருவருக்குச் சுண்டுவிரல் பாதியோடு நின்றுபோனது. அதற்குப் பிறகு பதினான்கு வருடமாக இவருக்குக் கடிகாரமே தேவைப்படவில்லை. உடம்பே மணி அடித்துவிடும். வீட்டில் டிவி முன்னால் உட்கார்ந்தாலும் இருபதாவது நிமிடம் எழுந்து அடுக்களைக்குப் போய் அடுப்போரம் நிற்பார். "உக்காந்த இடத்துல என்ன முள்ளா இருக்கு?" என்று மனைவி கேட்பாள். அவள் துணிக்கடையில் தையல் வேலை செய்கிறவள். ஒரே இடத்தில் எட்டு மணி நேரம் அசையாமல் இருக்கத் தெரிந்தவள்.

லீவு கேட்டது இது ஐந்தாவது வருடம். முதல் நான்கு வருடமும் கிளம்புகிற வாரம் பார்த்து மீன் லோடு வந்து இறங்கியது. இந்த முறை மேனேஜர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நாலு நாளா? உன் ரூமை எல்லாம் யாரு பாக்குறது?"

"புதுசா வந்தவர் பாப்பார் சார். மூணாம் ரூமை மட்டும் நான் வந்து பாத்துக்கறேன்."

"அது என்ன, மூணாம் ரூம் உனக்குச் சீதனமா வந்ததா?"

மூன்றாம் அறையின் வாராந்திரச் சோதனையை அவர் யாருக்கும் விட்டுத்தந்ததில்லை. மழைக்காலத்தில் கதவில் சேர்கிற ஐஸைக்கூட அவரே சுரண்டிவிடுவார். வேலையில் அப்படி ஒரு பிடிப்பு என்று எல்லோரும் நினைத்தார்கள். மேனேஜர் கையெழுத்துப் போட்டார்.

அன்றிலிருந்து அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. பகல் பஸ்ஸா, ராத்திரி பஸ்ஸா என்று மூன்று முறை மாற்றினார். ஜன்னலோர இருக்கை கிடைத்தபின், மலை எந்தப் பக்கம் வரும் என்ற கவலை வந்தது. மகளின் கோட்டுக்கு மனைவி கம்பளி உள்துணி வைத்துத் தைத்தாள்; அவர் அதை வாங்கி ஊசி போன வழியெல்லாம் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "என் தையல்ல காத்துப் போகாது. உங்க தலைக்குள்ளதான் ஏதோ புகுந்திருக்கு," என்றாள் அவள்.

மலையூரில் தங்கும் விடுதிக்காரருக்கு தினமும் போன் செய்தார். நான்காவது நாள் விடுதிக்காரருக்கும் பொறுமை போயிற்று.

"விழுதாங்க?"

"நேத்து விழுந்துச்சு சார். இன்னைக்கு இல்ல."

"நாங்க வர்ற அன்னைக்கு விழுமா?"

"பனி என்ன பால்காரனா சார், நேரத்துக்கு வந்து மணி அடிக்க? வந்து இருங்க. விழுந்தா பாருங்க, விழலைன்னா சூடா டீ குடிங்க."

போய்ச் சேர்ந்த மாலை மூடுபனிதான் இருந்தது. மறுநாள் முழுவதும் வானம் சாம்பல் நிறத்தில், இதோ இதோ என்று போக்குக் காட்டிக்கொண்டிருந்தது. மனைவியும் பத்து வயது மகளும் முற்றத்துப் பெஞ்சில் போர்வைக்குள் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார்கள். அவர் மட்டும் நின்றார், நடந்தார், அண்ணாந்து பார்த்தார். இருபது நிமிடம் ஆனதும் கால்கள் அவரைக் கேட்காமலே விடுதியின் சாப்பாட்டு அறைக்குத் திரும்பின. அங்கே ஒரு ஹீட்டர். கையுறையைப் பல்லால் இழுத்துவிட்டு, உள்ளங்கைகளைக் காட்டியபடி பத்து நிமிடம் நிற்பார்.

"அப்பா, வாங்க, விழுது" என்று அன்று மட்டும் மகள் ஆறேழு முறை கூப்பிட்டாள். ஓடி வந்து பார்த்தால் ஒருமுறை புகைக்கூண்டின் சாம்பல். ஒருமுறை கூரையிலிருந்து உதிர்ந்த பழைய பனி. மற்ற முறைகளெல்லாம் வெறும் விளையாட்டு.

"உன் அப்பாவை ஏன் இப்படி அலைக்கழிக்கிற?" என்று மனைவி கடிந்துகொண்டாள். "அந்த மனுஷர் ஏற்கெனவே பொரியுற கடுகு மாதிரி இருக்கார்."

மூன்றாம் நாள் மதியம் திரும்புகிற பஸ். விடிந்ததிலிருந்து அவர் முற்றத்திலேயே இருந்தார். ஒவ்வொரு முறை உள்ளே போகும்போதும், இந்த முறை பத்தை ஐந்தாக்கிவிடலாமா என்று தோன்றும். உடனே அந்தப் பாதிச் சுண்டுவிரல் கண்ணுக்கு வரும். ஒன்பதரை மணி இருக்கும், ஹீட்டர் முன்னால் நின்றுகொண்டிருந்தார். ஜன்னல் கண்ணாடிகள் ஆவி படிந்து வெள்ளையாகியிருந்தன.

"அப்பா, வாங்க" என்று மகள் கத்தினாள்.

"இதோ, இன்னும் நாலு நிமிஷம்" என்றார் அவர், திரும்பாமலே.

நான்கு நிமிடம் கழித்து வெளியே வந்தபோது முற்றம் வெளுத்திருந்தது. பெஞ்சின் முதுகில் நூல் கனத்துக்கு ஒரு வெள்ளை வரி. மனைவியின் தலைமுடியில் வெள்ளைப் பொடி. வானம் மட்டும் குழாயை அடைத்ததுபோல ஒன்றும் தெரியாத முகத்தோடு நின்றது. அவர் கையை நீட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றார். கையில் எதுவும் வந்து விழவில்லை. முதல்முறையாக இருபது நிமிடம் தாண்டியும் அவர் உள்ளே போகவில்லை. மனைவிதான் தோளைத் தொட்டு, "பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க" என்றாள்.

பஸ்ஸில் மகள் கேட்டாள். "நீங்க பாத்தீங்கல்லப்பா?"

"பாத்தேனே."

"பொய். நீங்க உள்ள இருந்தீங்க. எப்படி விழுந்துச்சு, சொல்லுங்க பாப்போம்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார். "மழை மாதிரி நேரா வராது. பாதி வழியில நின்னு, போலாமா வேணாமான்னு யோசிக்கும். லேசா மேலகூடப் போகும். ஒண்ணு விழறப்ப பக்கத்துல இருக்கிறது வழிவிட்டு ஒதுங்கும். சட்டைல உக்காந்தா உடனே கரையாது. நீ மூச்சு விட்டாத்தான் கரையும்."

"ஆமாம்மா, அப்படியேதான்," என்றாள் மகள் அதிசயப்பட்டு. மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேலைக்குத் திரும்பிய அன்று காலையிலிருந்தே மழை. அவர் போனைத் தொடவில்லை. நேராக மூன்றாம் அறைக்குள் போனார். கதவுக்குப் பக்கத்தில், மேல் மூலைக்கு நேர் கீழே, அண்ணாந்து பார்த்தபடி நின்றார். இருபது நிமிடம் ஆயிற்று. இருபத்தைந்து ஆயிற்று. கொக்குதான் உள்ளே போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்தான்.

"என்ன அண்ணே தேடுறீங்க அங்க?"

"ஒண்ணுமில்லடா."

பல மாதங்கள் கழித்து, கொக்கு வேறு ஏதோ பேச்சினூடே சொன்னபோதுதான் அவர் மனைவிக்கு இது தெரியவந்தது. அந்த நான்கு நாளில் புதியவர் மூன்றாம் அறையையும் சோதித்திருக்கிறார். கதவின் மேல் மூலையில், காற்றுப் புகாமல் அடைக்கும் ரப்பர் ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்திருந்ததாம். புது ரப்பர் மாட்டிய மெக்கானிக் ஆச்சரியப்பட்டிருக்கிறார்: "மழை நாள்ல இந்த இடுக்கு வழியா ஈரக்காத்து உள்ள போனா, பொடிப்பொடியா பனியே கொட்டும். குறைஞ்சது எட்டு வருஷக் கிழிசல். இத்தனை நாளா யாரும் பாக்கலையா?" மேனேஜர் பழைய சோதனைத் தாள்களை எடுத்துப் புரட்டினாராம். எட்டு வருடத்துத் தாள்கள் எல்லாவற்றிலும், அவள் கணவரின் கையெழுத்தில் ஒரே வரி இருந்தது: மூன்றாம் அறை, கதவு ரப்பர், சரி.